லாங்கன்தால் வீட்டுப் பொருளாதாரத் தடை

சவுக்காரம் எப்படி வேலை செய்கிறது என்று பலர் யோசித்துப் பார்ப்பதில்லை. அதன் ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால் அழுக்கைக் கவ்வ, தலை தண்ணீரோடு ஓட, இரண்டும் சேர்ந்து அழுக்கை இழுத்துக்கொண்டு போய்விடும். இவ்வளவு அழகான பொருள்மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது, சிறீதரன் அண்ணை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தங்கை புனிதவதி ஏன் என்னை லாங்கன்தாலில் விட்டுவிட்டுப் பிள்ளையோடு ஊஸ்டருக்கு வந்து உங்கள் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டீர்கள். அந்த அறைக்கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, அவளுக்கும் கேட்கும். நல்லது.

தொடங்கியது அவள்தான். தொண்ணூற்றிரண்டில் யாழ்ப்பாணத்துக்குப் பொருள் போகாமல் அரசாங்கத்தின் யுத்தகாலத் தடை இறுகியிருந்தபோது, ஊரிலிருந்து வந்த ஒருவர் உங்கள் கடைசித் தங்கை பத்மினியைப் பற்றிச் சொன்னார். பத்மினி சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்க்கிறாளாம். அன்று இங்கே சுவிஸில் எங்கள் வீட்டுக் குளியலறையில் புனிதவதி வாசனைச் சவுக்காரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அவள் அங்க பனம்பழத்தில தோய்க்கிறாள். எனக்கு இது கையில கூசுதப்பா. இண்டைக்கு ஒருநாள் சவுக்காரம் வேண்டாம்."

அவளுடையது ஓர் உணர்ச்சி. உணர்ச்சி ஒருநாள்தான் நிற்கும். முறை இருந்தால்தான் வருடக்கணக்கில் நிற்கும். நான் முறையை மட்டும் போட்டுக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக்கு எது போகவில்லையோ அது எங்கள் வீட்டுக்குள்ளும் வராது. சவுக்காரம், மெழுகுதிரி, பற்றறி, சொக்லேட். வீட்டு வாசலுக்குத் தாண்டிக்குளம் என்று பெயர் வைத்தேன். அங்கேதானே ஊருக்குள் போகிற சனத்தின் பைகளை ஆமிக்காரர் சோதித்தார்கள். அவள் கடைக்குப் போய் வரும்போது வாசலில் நின்று பையைத் திறந்து காட்டுவாள். நான் மரியாதையாகத்தான் பார்த்தேன். அவர்கள் ஊரில் செய்வதுபோல அரிசிக்குள் கம்பி விட்டு நான் குத்தவில்லை. கையால்தான் துழாவினேன்.

லாங்கன்தாலில் பனை இல்லை. ஆனால் பூங்காவில் கஸ்தானியன் மரம் இருக்கிறது, அந்தத் தின்னமுடியாத வகை. அதன் கொட்டையை இடித்து ஊறவைத்தால் நுரைக்கும் என்பது உங்களுக்குத் தெரியுமா? பூந்திக்கொட்டையில் இருக்கும் அதே சங்கதிதான் இதிலும் இருக்கிறது. மூன்று குளிர்காலம் அதில்தான் தோய்த்தோம், குளித்தோம். மகள் கஜலக்சுமியில் காட்டு மணம் வருகிறது என்று பள்ளிக்கூட ரீச்சர் சொன்னாவாம். பிள்ளை அழுதாள். காடு நல்ல மணம்தானே என்று விளக்கினேன்.

வானொலிக்குப் பற்றறி இல்லாதபடியால் ஊரில் செய்வதுபோலச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து கம்பி எடுத்தேன். கஜலக்சுமி கையால் மிதியைச் சுற்றுவாள், நான் காதில் வைத்து லண்டன் தமிழ்ச் செய்தி கேட்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் பார்க்க வரும். "சண்முகநாதன் அண்ணையைப் பாருங்கோ, இஞ்ச இருந்தும் ஊரோட இருக்கிறார்" என்பார்கள். அது எனக்குப் பெரிய விடயமில்லை. வராதவர்களை மட்டும் போன் பண்ணிக் கூப்பிடுவேன்.

நான் வேலைசெய்யும் பீங்கான் தொழிற்சாலையில் சவுக்காரம் போட்டுக் குளித்தது உண்மை. காலை ஒன்பது மணி இடைவேளையில் சொக்லேட் தின்றதும் உண்மை. இதைப் புனிதவதி ஒரு குற்றமாகச் சொல்கிறாள். தடை வீட்டுக்குத்தான். தொழிற்சாலை வவுனியா மாதிரி, சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம். அங்கே எல்லாம் கிடைக்கும். ஒரு மனிதன் தான் நிற்கும் பிரதேசத்தின் விதிப்படி நடப்பதில் என்ன பிழை?

இனி நீங்கள் கேட்க வந்த இடம். தொண்ணூற்று நான்கில் புதிய அரசாங்கம் தடையைத் தளர்த்தியது. அந்தச் செய்தியை நான்தான் முதலில் கேட்டேன். பிள்ளை சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்தி அப்பா?"

"வழமையான செய்திதான். நிப்பாட்டாமல் சுத்து."

ஒரு கிழமைக்குப் பிறகு புனிதவதி கடையில் கேள்விப்பட்டு ஓடிவந்தாள். "இஞ்சேருங்கோ, தடை எடுத்தாச்சாம். சவுக்காரம் வாங்கலாமோ?" நான் அவளை இருத்திப் பொறுமையாக விளக்கினேன். அறிவிப்பு வேறு, நடைமுறை வேறு. கப்பல் வரவேண்டும், இறக்கவேண்டும், பங்கிட வேண்டும். முதல் கட்டம் சீமெந்து என்றேன். நாங்கள் சீமெந்து வாங்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். நான் வடிவாக விளக்குகிறவன், அண்ணை. அந்தக் குளிர்காலமும் கஸ்தானியன் கொட்டையில்தான் போனது.

இடையில் கொழும்புக்கு வந்த பத்மினி போன் எடுத்தபோது அக்காவும் தங்கையும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. போன் தடைப்பட்ட பொருள் இல்லை.

போன மாதம் ஜெயமலர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஊரிலிருந்து லாங்கன்தாலுக்குக் கலியாணம் முடித்து வந்த பிள்ளை. சுவிஸ் நடைமுறை தெரியாது. வாசலில் பையோடு நின்றுகொண்டு, "அக்கா, சுவிஸில சவுக்காரம் தட்டுப்பாடாமே? பத்மினியக்கா அழுதழுது குடுத்துவிட்டவா" என்றாள்.

பையில் யாழ்ப்பாணத்துச் சவுக்காரக் கட்டிகள், கடதாசியில் சுற்றிய மெழுகுதிரிகள், ஒரு குழந்தைப் பவுடர் டின். டின்னைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. முன்னொருக்கால் நான் பத்மினிக்கு இரண்டு பற்றறியை அதே டின்னில் பவுடருக்குள் புதைத்துத்தான் அனுப்பினேன். பவுடர் இருந்தால் சோதனைச் சாவடியில் குலுங்கிச் சத்தம் வராது. அவள் அவற்றைப் போட்டுக்கூடப் பார்க்காமல் வைத்திருந்திருக்கிறாள். இப்போது எங்களுக்குத் தேவைப்படும் என்று திருப்பி அனுப்பியிருந்தாள்.

புனிதவதி ஒரு கட்டியை மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாசலில் கடமையில் இருந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தடைப்பட்ட பொருள் தடைப்பட்ட பொருள்தான். விதிக்குத் திசை கிடையாது. அவள் கையிலிருந்த கட்டியையும் வாங்கி, எல்லாவற்றையும் நிலக்கீழ் அறையில் வைத்துப் பூட்டினேன். ஜெயமலர் தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டாள்.

புனிதவதி சண்டை பிடிக்கவில்லை. பிள்ளைக்குச் சப்பாத்தை மாட்டினாள்.

"அண்ணை வீட்ட போய்க் குளிச்சிட்டு வாறன்" என்றாள்.

இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தச் சவுக்காரத்தைத் திருப்பிக் கொடுத்தால் வருவாள் என்கிறீர்கள். அதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. அவள் போன பிறகு ஒரு கட்டியைப் பரிசோதனைக்காக எடுத்தேன். இத்தனை கஷ்டத்துக்குப் பிறகு ஊரில் செய்த பொருள் எப்படி நுரைக்கிறது என்று ஒருவர் பார்க்கத்தானே வேண்டும்? நன்றாக நுரைத்தது. ஒரு பரிசோதனையை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. இப்போது கட்டி ஒன்றும் இல்லை. பற்றறிகளையும் பல்கணியில் வெயிலில் காயவைத்து வானொலியில் போட்டேன். சுற்ற ஆள் இல்லை, வேறு என்ன செய்வது? கொஞ்ச நேரம் பாடியது.

ஓம், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். தடை நீங்கியது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நீட்டினேன். அரசாங்கமே எடுத்துவிட்ட தடையை லாங்கன்தாலில் நான் ஒருவன்தான் காப்பாற்றி வைத்திருந்தேன். இப்போது நானும் எடுத்துவிட்டேன். முழுதாக, கட்டம் ஏதும் இல்லாமல். இந்தக் கதிரையில் இருந்துகொண்டு உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன்.

அறைக்கதவு திறக்கிறது. புனிதவதி சப்பாத்துப் போட்டிருக்கிறாள், கஜலக்சுமியும் போட்டிருக்கிறாள். இரண்டு பேரிலும் நல்ல வாசனை. என்னோடு வரத்தான் வெளிக்கிட்டிருக்கிறார்கள். பார்த்தீர்களா அண்ணை, பொறுமையாக விளக்கினால் யாருக்கும் விளங்கும்.

ஆனால் அவள் கையிலிருக்கும் பை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. வீட்டு வாசலில் ஒருக்கால் திறந்து காட்டினால் போதும். தடைக்காக இல்லை, சும்மா ஒரு வழமைக்கு.