பூரணியின் ரத்தத்துக்குக் காத்திருக்கும் டோரீன் மிஸ்ஸுக்கு

மாசறு மனத்தினரே! மலைமக்கள் குருதிக்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் மெய்க்குறி சொன்ன குணக்குன்றே! காலந்தவறிய குழாய்களைக் கண்டால் கண் சிவக்கும் காவலரே! எங்கள் டோரீன் சூசைரட்ணம் அம்மையீர்! வணக்கம்.

ஓய்வுபெறும் நாளில் வாசிக்கும் பாராட்டு மடலில் தங்களை நேரே விளித்துப் புகழ்வதே மரபு. ஆனால் புகழத் தொடங்கினால் வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே வேறு யாரோ ஒரு டோரீன் மிஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறோம். தயவுசெய்து உட்கார்ந்திருங்கள்.

அந்த மிஸ்ஸுக்குத் தேயிலைத் தோட்டங்களில் 'எத்தன மணி மிஸ்' என்று பெயர். சோதனைக்கு ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயோடு யார் வந்தாலும், வணக்கத்துக்கு முன்னால் எத்தனை மணிக்கு எடுத்தது என்றுதான் கேட்பார். நேரம் எழுதாத குழாய் வந்த வழியே திரும்பிப் போகும். இந்த மடலை வாசிக்கும் பிரேமினி, ஒரு நாள் பெருமையோடு குழாய்களை ஐஸ் தட்டுக்குள் வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள். உறைந்து உருகினால் அணுக்கள் உடைந்து ரத்தம் பால் விடாத வெறும் பிளேன்டியாகிவிடும் என்பதை அவள் அன்றிலிருந்து மறக்கவில்லை.

இந்தக் கண்டிப்பு பிறவியில் வந்ததல்ல. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பூரணி என்ற பெண்ணின் ரத்தம் வந்தது. அவளுக்கும் நிரோஷனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிரோஷன் ரத்தத்தில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயின் கூறு இருப்பது முன்பே தெரியும். அதனால் அவனுக்கு நோவில்லை; பெண்ணுக்கும் அதுவே இருந்தால், பிறக்கும் பிள்ளை ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டி வரலாம். பெண்ணின் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. இயந்திரம் அளவு சரி என்றது. மிஸ் கையெழுத்திட்டார். கல்யாணமும் நடந்தது.

மூன்று மாதம் கழித்து, தோட்ட டிஸ்பென்சரியில் வேலைபார்த்த செல்லசாமி ஏதோ அலுவலாக வந்தவர், தம் சாமர்த்தியத்தைத் தாமே மெச்சிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு ரத்தம் வெள்ளிக்கிழமையே எடுத்ததுங்க மிஸ். மண்ணு சரிஞ்சு ரோட்டு மூடிருச்சு. நம்ம ஊரு குளிருக்கு எதுக்குங்க பிரிஜ்ஜு, சும்மா ஜன்னல்லயே வச்சிருந்தேன். திங்கக்கிழமை பஸ்ல, டிரைவர் பக்கத்துல எஞ்சினுக்கு மேல வச்சு பத்திரமா அனுப்புனேன்."

மலைக் குளிரை நம்பாதவர் நம்மில் யார்? ஆனால் குழாயில் கிடக்கக் கிடக்கச் சிவப்பணு நீர் குடித்து உப்பும்; சூடு பட்டால் இன்னும் விரைவாக உப்பும். சிறுத்த அணு மூன்றாம் நாள் நல்ல அணுவின் அளவுக்கு வந்து நிற்கும். மிஸ் செல்லசாமியை ஒரு சொல் கடியவில்லை. பழைய தாளைத் தேடி எடுத்தார். அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினின் எடை, எத்தனை நாள் கிடந்தாலும் அவ்வளவாக மாறாதது, இரண்டு வரி கீழே குறைவு என்றே அச்சாகியிருந்தது.

"இது பொய் சொல்லல. நாந்தான் பாக்கல" என்றார்.

அன்றே பூரணி குடியிருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளுக்குப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. இருவரும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்களென்று பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு சொன்னார். அவர் கொடுத்த தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. கோவில், தொழிற்சங்கம், கொழும்பு மருத்துவமனைகள் என்று மிஸ் எழுதாத இடமில்லை. எங்கிருந்தும் பதில் வரவில்லை.

அதன்பிறகு, லிந்துலையிலிருந்து குழாய்கள் வரும் பெட்டியை வேறு யாரையும் திறக்க விட்டதில்லை. பூரணியின் பெயர் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கடைசிக் குழாயையும் பார்த்தபின் சற்று நேரம் கையை எடுக்காமல் நிற்பார். கொழும்புக்குப் பயிற்சிக்குப் போனால், பஸ் நிலையத்தில் பிள்ளையோடு போகும் பெண்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். பூரணியின் முகத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

போன வாரம் மேசையை ஒழிக்கும்போது மெல்லச் சொன்னார்: "ரெண்டு சொட்டு போதும் பிரேமினி. வந்த கையோட பாத்துருவேன். புள்ள இருந்தா புள்ளைக்கும் பாத்துருவோம்."

அம்மையீர், இனித் தங்களை நேரே பார்த்தே பேசுகிறோம். நாளை முதல் லிந்துலைப் பெட்டியை நாங்கள் திறப்போம். தாங்கள் தேடிய பெயரைத் தேடுவோம். பூரணியின் ரத்தம் வந்தால் அந்த மணிக்கே பார்ப்போம். பார்த்ததும் முதல் அழைப்பு தங்களுக்குத்தான். இந்த வருடமோ, இருபது வருடம் கழித்தோ, எங்களுக்குத் தெரியாது. ஆகவே நூறாண்டு வாழ்க என்று தங்களை வாழ்த்துவது மரபுக்காக அல்ல. அந்த அழைப்பை எடுக்கத் தாங்கள் இருக்கவேண்டும், அம்மா.

ஏக்கத்துடன்,
புனித மார்த்தா தொண்டு ஆய்வுகூட ஊழியர்கள்,
நானுஓயா.