பனியில் கிடந்த ஜெர்சி

சார்ஜென்ட் அம்மா, காபி நன்றாக இருக்கிறது. இனி என் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று ஆணையிட்டுச் சொல்கிறேன். நடுவில் தும்மினால், அந்தத் தும்மலும் உண்மையானதாகவே இருக்கும்.

முதலில் ஒன்றைத் திருத்திவிட வேண்டும். "பாவம், ஓரெஸ்ட் கிழவருக்கு வயசாச்சு, தாழ்ப்பாளப் போட மறந்துட்டாரு" என்று டன்வேல் ஊர் முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு ஆறுதலாக ஆப்பிள் பை செய்து கொண்டுவந்தாள். சாப்பிட்டேன். ஆனால் அவமானமாக இருந்தது. எங்கள் ஹாக்கி அரங்கில் பனித்தளத்தை மழித்துச் சமன் செய்யும் வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். வண்டி வெளியே வந்ததும், தளத்தைச் சுற்றி நிற்கும் ஓரப் பலகையில் உள்ள பெரிய கதவை மூடித் தாழ் போடுவது என் வேலை. அதை ஒருநாளும் மறந்ததில்லை. அன்றும் மறக்கவில்லை.

என் வீட்டு நிலவறையை உங்கள் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்திருப்பார்கள். அங்கே தொங்குபவை கடையில் வாங்கியவை அல்ல. தொழில்முறை ஆட்டக்காரர்கள் போட்டு விளையாடி, கையெழுத்தும் போட்டுத் தந்த ஜெர்சிகள். பலகையில் உரசிய கறுப்புத் தடம், கிழிந்து தைத்த இடம், காய்ந்த ரத்தம் எல்லாம் அப்படியே இருக்கும். ஜெர்சி சேர்ப்பவர்களான எங்களுக்கு ஒரே விதிதான்: துவைக்கக் கூடாது. ஒரு ஜனவரியில் கோல்காப்பாளர் ஹண்ட்லியின் ஜெர்சியை வாசல் பக்கம் வைத்தேன். வியர்வை உறைந்து அது தானாகவே எழுந்து நின்றது. தபால்காரர் குளிர்காலம் முழுக்க அதற்குக் காலை வணக்கம் சொன்னார். வெயில் வந்து அது சாய்ந்தபோது ஓடி வந்து நாடி பிடித்துப் பார்த்தார்.

என் மனைவி மார்லீன், "அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். இப்போது ரெஜைனாவில் தங்கை வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள்.

எங்கள் அரங்கில் ஒரு வழக்கம் உண்டு. பனியில் விழுந்து கிடப்பது எதுவானாலும் வண்டி ஓட்டுபவனுக்குத்தான். ஒருவன் மூன்று கோல் போட்டால் ரசிகர்கள் வீசும் தொப்பிகள், குழந்தைகள் தவறவிட்ட கையுறைகள், பற்கள். பற்களைக்கூட யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

இனி லூக் தெரியோ. எங்கள் அணியின் பதினேழாம் எண். கியூபெக்கிலிருந்து வந்த பையன். ராசி என்று சொல்லிக்கொண்டு பருவம் முழுக்க ஒரே ஜெர்சியைத்தான் போட்டான். முழங்கையில் மட்டும் அத்தனை தையல்கள். அத்தனையும் எனக்கு மனப்பாடம். பெரிய லீகிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்ததும், உடைமாற்றும் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"தம்பி, கடைசி ஆட்டம் முடிஞ்சதும் அத எனக்குக் குடுத்துடு. கையெழுத்துப் போட்டுக் குடு."

"ஐயோ பெருசு, அது எங்கம்மாவுக்கு. சின்ன வயசுலேர்ந்து நான் போட்ட ஜெர்சியெல்லாம் வெட்டி ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைக்கிறாங்க. நடுவுல ஒரு கட்டம்தான் பாக்கி."

"துவைப்பாங்களா?"

"துவைக்காம? மோந்து பாத்தியா நீ? ரெண்டு தடவ துவைச்சு, வெயில்ல போட்டு, பாதிரியாரக் கூப்பிட்டு மந்திரிப்பாங்க."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

திருடியிருக்கலாமே என்பீர்கள். நான் திருடனில்லை, சார்ஜென்ட் அம்மா. திருடிய ஜெர்சியை வெளியே யாருக்கும் காட்ட முடியாது. அது நேர்மையாக என் கைக்கு வர ஒரே வழி, அது பனியில் கிடப்பதுதான். ஆனால் எந்த ஆட்டக்காரனும் ஜெர்சியைப் பனியில் கழற்றிப் போட மாட்டான். பலத்த அடி பட்டால் மட்டும் ஆம்புலன்ஸ்காரர்கள் அதைக் கத்தரித்து எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, ஆளை மட்டும் கொண்டுபோவார்கள்.

லூக் எப்போதும் இடது மூலைக்குத்தான் ஆட்டத்தின் ரப்பர் வட்டைத் துரத்திப் போவான். எதிராளி பின்னால் வந்து அவனைப் பலகையோடு சேர்த்து மோதுவான். பலகை தாங்கும். அந்த மூலையில்தான் என் பெரிய கதவும் இருக்கிறது. தாழ் போட்டிருந்தால் அதுவும் தாங்கும்.

கடைசி ஆட்டத்தின் இடைவேளையில் பனியை மழித்தேன். அன்று மழித்ததுபோல் நான் என்றுமே மழித்ததில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். தாழைப் போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன்.

லூக் வந்தான், இடிபட்டான், கதவு பாதி திறந்தது. அதன் இரும்பு விளிம்பு அவன் தலையில் மோதியது. பின்னால் சாய்ந்து பனிமேலேயே விழுந்தான். அது முக்கியம். வெளியே விழுந்திருந்தால் எனக்கு உரிமையில்லை.

அவனைக் கொண்டுபோன பிறகு, சிவந்திருந்த இடத்தை மழிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஜெர்சி கிடந்தது. எல்லோர் கண்ணெதிரிலும் எடுத்து மடித்து இருக்கைக்கு அடியில் வைத்தேன். மார்பு நடுவே நேராக ஒரே வெட்டு. அவன் அம்மா என்றால் சதுரம் சதுரமாக வெட்டியிருப்பாள்.

கையெழுத்தில்லாத ஜெர்சி பாதி ஜெர்சிதான். மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். அவன் அம்மா வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் லூக் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன பெருசு, ஜெர்சிய அடிச்சுட்டியா?"

"பனியில கிடந்துச்சு தம்பி."

"அப்ப உனக்குத்தான். வழக்கம்னா வழக்கம். பேனாவக் குடு. அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாத. போர்வைக்கு என் பழைய பைஜாமாவ வெட்டிக்கட்டும்."

எண்ணுக்குக் கீழே அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டான். என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பாதிக்கப்பட்டவனே மனதாரக் கொடுத்துவிட்டான். இடையில் நீங்கள் யார் என்னைக் குற்றவாளி என்பதற்கு? செய்தேன். மறதியில் அல்ல, தெளிவாகச் செய்தேன். இன்னொரு பதினேழு வந்தால் இன்னொரு முறையும் செய்வேன். ஜெர்சியைச் சாட்சிப் பொருள் என்று பையில் போட்டு எடுத்துப்போயிருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், துவைத்து மட்டும் விடாதீர்கள்.

டாக்டர் உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதும் சரிதான்: பனியில் விழுந்ததிலிருந்து இன்றுவரை லூக் கண் விழிக்கவில்லை.