தேனும் கருஞ்சீரகமும், விட்டுப்போன மூன்றாம் பங்கும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தேன்கடை முதலாளி அவர்களே, முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, நான் எப்போது முடிப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவர் மீதும் இறைவனின் அமைதி நிலவட்டும்.

நம் மார்க்கம் போற்றிய உணவுகளைப் பற்றி விஞ்ஞானம் என்ன சொல்கிறது? வாற்கோதுமைக் கஞ்சி கொழுப்பைக் குறைக்கும் என்கிறது; ஆதாரம் வலுவானது. கருஞ்சீரகம் சர்க்கரையைச் சற்றே குறைக்கலாம் என்கிறது, ஆய்வுகள் சிறியவை. தேன் தீக்காயத்தில் தடவினால் ஆற்றும் என்கிறது. தடவினால் என்றேன், தலைவர் அவர்களே.

ஆதாரம் உண்டு. அளவும் உண்டு. அளவை விட்டுவிட்டு ஆதாரத்தை மட்டும் அள்ளிக்கொண்டவர் என் தங்கையின் கணவர். தையல்காரர், சர்க்கரை நோயாளி. ஒருநாள் மாத்திரையை நிறுத்தினார். விடிந்ததும் பேரீச்சம்பழம், மார்க்கம் காட்டியபடி ஒற்றைப்படையில். மேலே தேன். அதற்கும் மேலே கருஞ்சீரக எண்ணெய். அதன்பின் வழக்கமான சாப்பாடு, வஞ்சனையில்லாமல்.

"மாத்திரை எங்கங்க?" என்றாள் தங்கை.

"உனக்கு ஈமான் பத்தாது, இறைநம்பிக்கை வேணும்."

சர்க்கரை ஏறி மரத்துப்போன காலில் ஊசி குத்தியது அவருக்குத் தெரியவில்லை. விரல் கறுத்தபிறகு தெரிந்தது. தையல் மெஷினை மிதிக்கிற கால்.

மருத்துவரும் நம் சமுதாயத்துப் பெண்தான். "மார்க்கம் சொன்னதையெல்லாம் செஞ்சீங்களா?"

"ஒண்ணையும் விடல டாக்டர்."

"வயித்துல மூணுல ஒரு பங்கு சாப்பாட்டுக்கு, ஒரு பங்கு தண்ணிக்கு, ஒரு பங்கு காலியா இருக்கட்டும்னு இருக்கே?"

அவர் நன்றாக யோசித்தார். "அது கடையில விக்கலையே, டாக்டர்."

"வைத்தியம் பாத்துக்கங்கன்னும் சொல்லியிருக்கு. அதுவும் விக்கலையா?"

சிரிக்கிறீர்கள். என் தங்கை சிரிக்கவில்லை. "கால் நிக்குமா?" என்று மட்டும் கேட்டாள். விரல் போய்விடும், இன்றே மாத்திரையைத் தொடங்கினால் பாதத்தைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர்.

யாரது, மூன்றாம் வரிசையில்?

"மச்சான், வீட்டு விஷயத்த மைக்லயா பேசுவீங்க?"

கால் போயிருந்தால் ஊரே பேசியிருக்கும், மாப்பிள்ளை. எழுந்து நில்லுங்கள்.

பாருங்கள், நிற்கிறார். அவரை நிற்கவைத்தது தேனா? எண்ணெயா? மாத்திரையா? நீங்களே சொல்லுங்கள், மாப்பிள்ளை.

"உங்க தங்கச்சி. மாத்திரைய முழுங்குற வரைக்கும் தட்டு வைக்க மாட்டேங்குறா. உக்காரலாமா?"

உட்காருங்கள். இதைவிடச் சிறப்பாக முடிக்க எனக்குத் தெரியாது. வாசலில் தலைவரின் கடை இருக்கிறது, வாங்குங்கள். மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. இந்த அவையில் எல்லோரும் இரண்டு காலில் வீடு போய்ச் சேர இறைவன் அருளட்டும். ஸலாம்.