பவளத்தின் தொண்டைக்கு மூச்சுத் தந்த அபயாம்பாள் டீச்சருக்கு

எலும்பின் இயல்பையும் இதயத்தின் துடிப்பையும் இருபத்தாறு ஆண்டுகளாய் எங்களுக்கு எடுத்துரைத்த ஏந்தலே! கல்பாத்தியில் பிறந்து, ஏலமலைக் காற்றை எங்களோடு ஏற்று நின்ற பெருமாட்டியே! இக்கால்நடைப் பயிற்சி மையத்தின் உடற்கூறியல் ஆசானே! அன்பும் அறமும் அகலாத அபயாம்பாள் டீச்சர் அவர்களே! தங்கள் பணி நிறைவு நாளில் தலை தாழ்த்தி வணங்குகிறோம்.

தங்கள் பெருமைகளை வரிசையாக அடுக்க வேண்டாமென்று முன்கூட்டியே கண்டித்துவிட்டீர்கள். ஆகவே ஒன்றை மட்டும், நடந்தது நடந்தபடி, இம்மடலில் சொல்கிறோம்.

போடிமெட்டுக்கு இப்பாலுள்ள இம்மையத்தில் தாங்கள் காலடி வைத்த நாளில், உடற்கூறு அறையில் இருந்தவை ஒரு ஃபார்மலின் தொட்டியும் அதில் ஊறி விறைத்த சில உறுப்புகளுமே. கண்ணெரிய, மூக்கெரிய, எட்ட நின்றே எல்லோரும் படித்தோம். விறைத்த தொண்டைக்குள் விரலும் நுழையாது. உணவுக்குழல் எது, மூச்சுக்குழல் எது என்று படத்தில் பிசகாமல் காட்டியவர்கள், உயிருள்ள மாட்டின் முன் திகைத்து நின்றோம். அந்தக் குறைக்கு ஒரு பசு பலியாயிற்று.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதக் காலை. ஏலத் தோட்டத் தொழிலாளி குருவம்மாளின் பசு பவளம் வயிறு உப்பி நின்றது. இன்று எங்களில் ஒருவராகப் பாடம் நடத்தும் சிவப்பிரகாஷ் அன்று மாணவர். உப்புசம் அடங்க, பசுவின் வாய்வழியே குழாய் செலுத்தி எண்ணெய் ஊற்றினார். குழாய் போயிருந்தது வயிற்றுக்கல்ல, மூச்சுக்குழலுக்கு. உருவியதும் பவளம் ஒரே ஒரு தரம் அலறியது. மதியத்துக்குள் இறந்தது.

தாங்களே அதன் நெஞ்சைத் திறந்தீர்கள். நுரையீரல் முழுக்க எண்ணெய் பளபளத்தது.

“வயிறு உப்பிச் செத்ததுன்னு எழுதிரலாமே டீச்சர். பையன் படிப்பு போயிரும்,” என்றார் எங்களில் மூத்தவர் ஒருவர்.

“நான் கண்டதைத்தான் எழுதுவேன். வேற எழுதப்படாது,” என்றீர்கள்.

எழுதியதோடு நிற்கவில்லை. அன்று மாலையே சிவப்பிரகாஷை அழைத்துக்கொண்டு தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த குருவம்மாளின் வீட்டுக்குப் போய், உண்மையைச் சொல்லி, பவளத்தின் தலையையும் கழுத்தையும் மையத்துக்குத் தரும்படி கேட்டீர்கள்.

“எடுத்துட்டுப் போங்க,” என்றார் அந்த அம்மா. “எங் கண்ணுல மட்டும் காட்டிராதீக.”

மறுநாள் அத்தலையை ஐஸ் பெட்டியில் வைத்து மலையிறங்கினீர்கள். சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்ன காவலரிடம், “மாட்டுத் தலையாக்கும். ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோறேன். காகிதம் இருக்கு, பாருங்கோ,” என்று தாங்கள் அமைதியாகச் சொன்னதையும், திறந்த கண்களோடு கிடந்த பவளத்தைப் பார்த்துவிட்டு அவர் கையைச் சட்டையில் திரும்பத் திரும்பத் துடைத்ததையும் ஓட்டுநர் காளிச்சாமி இன்றும் சொல்வார். ஸ்கேன் படங்களைக் கணினியில் எங்கள் அலுவலர் ஷீனா ஒழுங்கு செய்ய, முப்பரிமாண அச்சு இயந்திரம் பதினொரு நாள் இழை இழையாய் ஊற்றி எழுப்பியது: வெள்ளையாய் மண்டையும் தாடையும்; இளஞ்சிவப்பாய், ரப்பர்போல் வளையும் நாக்கும் குரல்வளையும் இரு குழல்களும். உள்ளே விரல் விட்டால் நிஜத் தொண்டையின் மடிப்புகளெல்லாம் தட்டுப்பட்டன.

மேற்கு ஜன்னலருகே அதைப் பொருத்திய நாளில் வெயில் சுள்ளென்று அடித்தது. பாடம் தொடங்கிச் சற்று நேரத்தில் மலைக்காற்று வீசியது.

அறைக்குள் ஒரு பசு கத்தியது.

ஒருவரும் அசையவில்லை. வெள்ளைத் தாடை அப்படியே இருந்தது; குரல் மட்டும் நீண்டு, உடைந்து, அடங்கிற்று. தொழுவத்தில் வைக்கோல் மென்றுகொண்டிருந்த ஏழு பசுக்களும் ஒருசேரத் தலை தூக்கி, நம் கட்டடத்தைப் பார்த்துப் பதில் கொடுத்தன. “ஜன்னல் காத்து குழலுக்குள்ள ஏறறது, குரல் மடிப்பு அதிர்றது, அவ்வளவுதான்,” என்று விளக்கினீர்கள். ஆனால் தாங்கள் கையில் பிடித்திருந்த சாக்பீஸ் இரண்டாய் முறிந்திருந்ததை நாங்கள் கண்டோம்.

கால் மணி நேரத்தில் வாசலில் குருவம்மாள் நின்றார். வேலைக் கூடை முதுகில். கை நிறையப் புல்.

“எங்க கட்டிப்போட்டிருக்கீக எம் பவளத்த? ரோட்டு வரைக்கும் கேக்குதே!”

மறைத்திருக்கலாம். கதவைச் சாத்தியிருக்கலாம். தாங்களோ அவர் கையைப் பற்றி உள்ளே அழைத்து வந்தீர்கள். புல் அவர் கையிலிருந்து நழுவியது. வெள்ளை நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடில்லாததை உணர்ந்து கையை எடுத்துக்கொண்டார். காற்று நின்றிருந்தது.

“இன்னொரு தடவ கூப்பிடச் சொல்லுங்க,” என்றார்.

அப்போது தாங்கள் செய்ததை எங்களில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. ஸ்டூலில் அமர்ந்து, மூச்சுக்குழலின் அறுபட்ட முனையில் வாய் வைத்து ஊதினீர்கள். பவளம் கத்தியது.

குருவம்மாளின் முகம் வெளிறியது. “இது புல்லுக்குக் கூப்புடுற சத்தமில்ல. அன்னைக்குக் கடைசியா இப்படித்தான் கத்துச்சு.” பிறகு பின்சுவரோடு ஒட்டி நின்ற சிவப்பிரகாஷைப் பார்த்தார். “நீ வா. குழாய எடு. எனக்கு முன்னாடி போட்டுக் காட்டு.”

சிவப்பிரகாஷ் முன்வந்து குழாயைச் செலுத்தினார். தாங்கள் பின்னாலிருந்து ஊதினீர்கள். குழாயின் வெளிமுனை அவர் கன்னத்தருகே இருந்தது. அதிலிருந்து வெதுவெதுப்பான மூச்சு அவர் காதில் பட்டது. இறந்த பசு தன் காதுக்குள் மூச்சு விட்டதாகவே அக்கணம் நம்பியதாக அவர் இன்றளவும் சொல்கிறார்.

“மூச்சு படறதோ? அப்போ ஊத்தப்படாது. எடு. திரும்பவும் போடு,” என்றீர்கள்.

நான்காம் முறையில் குழாய் சரியான வழியில் இறங்கியது; மூச்சு படவில்லை. குருவம்மாள் போகவில்லை. இன்னும் போடச் சொன்னார். இருபதாவது முறையும் பிசகாமல் இறங்கிய பிறகே கூடையை எடுத்துக்கொண்டார். போகும்போது, “அந்த ஜன்னல மட்டும் சாத்தி வையுங்க டீச்சர்,” என்றார்.

அன்று முதல் அந்த ஜன்னல் திறக்கப்படவில்லை. ஆயினும் ஆடிக் காற்றின் நாள்களில், சாத்திய அறையில் எவரும் இல்லாத பொழுதிலும், தொழுவத்துப் பசுக்கள் நம் கட்டடத்தைப் பார்த்து எழுந்து நிற்பதுண்டு. இதற்கு மட்டும் தாங்கள் விளக்கம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

பிறகு குதிரையின் குளம்பும், ஆட்டின் இடுப்பும், எருமையின் கருப்பையும் அச்சில் பிறந்தன. ஃபார்மலின் தொட்டி காலியாயிற்று. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் முதல் பாடம் பவளத்தினுடையதே. ஊதுவதற்கு ஒரு துருத்தி வாங்கித் தந்தோம். “காத்துக்குச் சூடு இருக்கணும். அப்போதான் பசங்க பயப்படுவா,” என்று மறுத்து, ஒன்பது ஆண்டுகளும் தங்கள் சொந்த மூச்சையே கொடுத்தீர்கள். சென்ற தையில் குருவம்மாளின் இன்றைய பசுவுக்கு வயிறு உப்பியபோது, அவர் ஆளனுப்பிக் கேட்டது சிவப்பிரகாஷைத்தான். குழாய் இறங்கியதும் குருவம்மாளே முனையில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “மூச்சு இல்ல. ஊத்துப்பா,” என்றார். அப்பசு இன்று சினையாயிருக்கிறது.

டீச்சர்! திங்கட்கிழமை புதிய மாணவர்கள் வருகிறார்கள். தங்கள் ஸ்டூலில் அமர்ந்து ஊதுபவர் யாரென்று நாங்கள் கூடிப் பேசும் முன்பே, சிவப்பிரகாஷ் அந்த ஸ்டூலைத் தன் இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டார். இனித் தங்கள் மூச்சு முழுவதும் தங்களுக்கே சொந்தம். அது நோயின்றி, நோவின்றி, நூறாண்டு நிறைந்து நிலவுக!

தங்கள் அன்பில் என்றும் நனைந்திருக்கும்,
பயிற்றுநர்கள், அலுவலர்கள், தொழுவப் பணியாளர்கள்