தட்டு திரும்பி வந்த மத்தியானம்

— அதெல்லாம் எனக்குத் தெரியாது. கூடையைக் கீழேயே வைங்க, அடுப்புகிட்ட கொண்டுவராதீங்க.

— ஜனாதிபதிக்குப் பிடிச்ச காளான், லுட்மிலாம்மா. காட்டுல நானே பறிச்சேன்.

— அதான் பயமே! இந்த பிராக் ஊர்ல அடுத்தவன் பறிச்ச காளானை எவளாவது சமைப்பாளா? அதுவும் அடித்தண்டையே காணோம். விஷக்காளானுக்கு அடியிலதான் பை மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் நாங்க கண்டுபிடிக்கிறது. கரெக்டா அதை நறுக்கிட்டு வந்து நிக்கிறீங்க!

— அவர்தான் அப்படிச் சொல்லிக்குடுத்தார். “வேரை விட்டுடு ஓட்டகர், மறுபடி முளைக்கட்டும்”னு. நான் அவர்கிட்ட தத்துவம் படிச்சவன்.

— ஆமாமா. அவர் ஜனாதிபதியாகி இந்தக் கோட்டைக்கு வந்ததுலேருந்து ஊர்ல பாதிப்பேர் அவர்கிட்ட படிச்சவங்கதான்! எதுக்கு வந்தீங்க? உண்மையைச் சொல்லுங்க.

— என் தம்பிக்காக. நாளைக் காலையில தூக்கு.

— கடவுளே! போலீஸ்காரரைச் சுட்டானே, அந்தப் பையனா?

— அவனேதான். கருணை மனு மேல் மாடியில அவர்கிட்ட இருக்கு. உயிரை எடுக்க எந்த அரசாங்கத்துக்கும் உரிமை இல்லைன்னு மேஜையைத் தட்டிப் பாடம் நடத்தினவர் அம்மா அவர்! இந்தக் காளான்ல சூப் வச்சு ஒரு வாய் குடிச்சா அந்த வகுப்பு ஞாபகம் வராதா?

— மனுவைத் தள்ளிட்டா பழிவாங்கவும் இதே கூடை போதுமே?

— சமைங்க. உங்க கண்ணு முன்னாடி நானே முதல்ல குடிக்கிறேன்.

— யாரை ஏமாத்துறீங்க? அந்த விஷம் மறுநாள்தான் வேலையைக் காட்டும்.

— மறுநாள் நான் ஜெயில் வாசல்ல நிக்கணும். அவனுக்கு என்னை விட்டா யாரும்மா இருக்கா? அன்னிக்கு நான் படுத்துடுவேனா?

— ...சரி, அழாதீங்க. அந்த வெங்காயத்தை எடுங்க.

— போதுமாம்மா? நீங்க வச்ச சூப்பைக் கிண்ணத்தை வழிச்சே குடிச்சுட்டேன்.

— போதும், தம்பி. தப்பா நினைச்சுக்காதீங்க. ஹினெக் இப்ப வருவான், மேல குடுத்தனுப்புறேன். அவன்தான் அவருக்குப் பரிமாறுறவன்... இதோ வந்துட்டான். என்ன ஹினெக், தட்டு அப்படியே இருக்கு?

— தொடவே இல்லைக்கா. காலையில நல்லாத்தான் சாப்பிட்டாரு. அப்புறம் ஏதோ காகிதக் கட்டு வந்துச்சு. இப்ப ஒண்ணும் வேண்டாம்னுட்டாரு. இவரை வாசல்லயே பார்த்தேனே, பேரைச் சொல்லி வந்திருக்காருன்னு சொன்னேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

— பாத்தீங்களாம்மா? உங்களை மாதிரி அவருக்கும் என் மேல சந்தேகம்.

— சந்தேகமா இருந்தா தேவலையே, தம்பி. தூக்குக்குக் கையெழுத்துப் போட்ட நாள்ல மட்டும்தான் அந்த மனுஷன் பட்டினி கிடப்பாரு.