வெதுவெதுப்பான தண்ணீர்

இந்தத் தண்ணீர் கேனின் அடியில் பச்சையாகப் படிந்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் சார். ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் அப்படித்தான் படியும். கழுவி நிழலில் வைக்கச் சொல்லுங்கள், போதும். நானே அரை டம்ளர் குடித்துவிட்டேன்.

சென்னீர்குப்பம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். பெயர் தமிழ்வாணன் என்பது உங்களுக்குத் தெரியும். என் மனைவி அனுசுயாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. அந்தக் குவார்ட்டர்ஸில்தான் குடியிருக்கிறோம். தீபிகா எங்கள் ஒரே பெண். ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள்.

நான் நடத்தும் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது. புரோட்டிஸ்டுகள் என்று ஒரு கூட்டம். விலங்கு என்றும் சொல்ல முடியாது, செடி என்றும் சொல்ல முடியாது, காளானும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. எதிலும் சேராததையெல்லாம் ஒரே கூடையில் போட்டு வைத்த பெயர் அது. கூடைக்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று முகஜாடைகூடக் கிடையாது. ஒன்று செருப்பு வடிவத்தில் உடம்பெல்லாம் மயிரை அசைத்து நீந்தும். ஒன்று கண்ணாடிக் கூட்டுக்குள் குடியிருந்துகொண்டு கடலில் மிதக்கும். நாம் இழுக்கும் மூச்சில் ஒரு பங்கு அதன் தயவு. ஒன்று கொசுவின் எச்சிலில் ஏறி வந்து மலேரியாவாகும். ஒன்று குடலைப் புண்ணாக்கி ரத்தபேதியில் தள்ளும். இன்னொன்று உருளைக்கிழங்குச் செடிகளை அழுகவைத்து ஒரு தேசத்தையே பட்டினி போட்டது. இவை நல்லவையா கெட்டவையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம்மைப் பற்றி அவற்றுக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை என்பேன்.

கடைசி பெஞ்சு தூங்கி வழியும்போது சொல்வதற்கென்று ஒரு அமீபாவை வைத்திருந்தேன். வெயில் காலத்தில் தேங்கி நின்று சூடேறிய நல்ல தண்ணீரில் பெருகுவது அது. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கில் ஏறினால், சில சமயம், மோப்ப நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போய்விடும். போய், தின்னும். இதைச் சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

தீபிகாவுக்கு என் பாடத்தில் அக்கறை கிடையாது. அவளுக்கு நீச்சல்தான். வானகரத்தில் பூபாலன் வைத்திருந்த நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டிருந்தோம். பூபாலன் நல்ல உயரம், அகலமான தோள். பிள்ளைகளுக்கு அவர் மாஸ்டர். தீபிகாவை மட்டும் "இன்னா மீனு, இன்னிக்கு லேட்டு" என்றுதான் கூப்பிடுவார். அடுத்த வருஷம் மாவட்டப் போட்டிக்கு அனுப்பலாம் என்று அனுசுயாவிடம் சொல்லியிருந்தார்.

ஏப்ரல் கடைசியில் அவளுக்குத் தலைவலி வந்தது. வெயில் என்று நினைத்தோம். மறுநாள் காய்ச்சல், வாந்தி. அதற்கு மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூளைக்காய்ச்சல் என்று மருந்து ஏற்றினார்கள். அது கேட்கவில்லை. அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வெளியே போகச் சொல்லிக் கத்தினாள். வலிப்பு வந்தபோது நாக்கைக் கடித்துக்கொள்வாளோ என்று என் கட்டைவிரலை வாயில் கொடுத்தேன். எலும்பு வரைக்கும் கடித்தாள். இந்தத் தழும்பு அதுதான்.

முதுகெலும்பிலிருந்து எடுத்த நீரை நுண்ணோக்கியில் பார்த்த டாக்டரம்மா, நான் விலங்கியல் ஆள் என்பதால் என்னை உள்ளே கூப்பிட்டார். "சார், இது நான் நெனைக்கிறதுதானான்னு பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். இருபது வருஷமாகக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்ததை அன்றுதான் உயிரோடு பார்த்தேன். ஒரு பக்கம் மெதுவாகப் பிதுங்கி, மீதி உடம்பைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒன்று இல்லை, நிறைய. "அதுதான்" என்றேன். மருந்தை மாற்றினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் தீபிகா இறந்துவிட்டாள்.

எங்கே குளித்தாள் என்று டாக்டரம்மா கேட்டார். பூபாலன் குளத்தில் என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அங்கே அவள் குளித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்கே தெரியும். நான்தான் புகார் கொடுத்தேன். குளத்தைப் பூட்டினார்கள். தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். ஒன்றும் இல்லை, குளோரின் சரியாக இருக்கிறது என்று வந்தது. குற்றம் செய்தவன் அதற்குள் குளோரினைக் கொட்டியிருக்க மாட்டானா? இதைத்தான் கேமராவோடு வந்த பையன்களிடம் சொன்னேன். அந்த வீடியோ எல்லா குரூப்புக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை நாற்பது ஐம்பது பேர் கேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நாற்காலிகளைத் தண்ணீரில் வீசினார்கள். அலுவலகக் கண்ணாடியை நொறுக்கினார்கள். பூபாலனை இழுத்துப்போட்டு மிதித்தார்கள். நானும் இருந்தேன். அவர் என்னைப் பார்த்து எழுந்து வந்தார், ஏதோ சொல்ல. நான் அறைந்தேன். மோதிரம் பட்டு உதடு கிழிந்து, முன்பல் ஒன்று கீழே விழுந்தது. அவர் குனிந்து அதைத் தேடினார். யாரோ பின்னாலிருந்து உதைத்தார்கள். அனுசுயா கேட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அத்தோடு விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். என்னைத் தேடிக் கூப்பிட்டது அவர்தான். நீங்கள் அதைத்தானே காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? அடித்த ஆளுக்கு அடிபட்டவன் எதற்குப் போன் பண்ண வேண்டும் என்று. நல்ல கேள்வி.

ஜூனில் ஒருநாள் மத்தியானம், கல்லூரியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "சார், ஒருவாட்டி வந்துட்டுப் போங்க. தனியா பேசணும்" என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பின்பக்கச் சுவரில் இடிந்த வழியாக உள்ளே கூட்டிப்போனார். குளத்துத் தண்ணீரை யாரும் இறைக்கவில்லை. மோட்டார் ஓடாமல், மருந்து போடாமல், திக்காகப் பச்சை பிடித்திருந்தது. நாற்காலிகள் பாதி முங்கிக் கிடந்தன. என் வகுப்புக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டியதெல்லாம் அதிலேயே கிடைக்கும் என்று தோன்றியது. அப்போதும் அப்படித்தான் தோன்றியது, மறைக்கவில்லை.

பூபாலன் மெலிந்திருந்தார். பல் போன இடத்தில் காற்று வந்தது.

"சார், நான் யாராண்டயும் சொல்லல. என் பொண்டாட்டியாண்ட கூட சொல்லல" என்றார்.

"எதை?"

"பாப்பா நடுவுல ரெண்டு நாளு வர்ல சார். அப்பால வந்துச்சு. இன்னா மீனு, எங்க போனன்னு கேட்டேன். அப்பாகூட சவுடு பள்ளத்துக்குப் போனேன் மாஸ்டர், மேலருந்து குதிச்சேன், மூக்கெல்லாம் தண்ணி ஏறிக்கிச்சு, தண்ணி சூடா கீதுன்னு சொல்லிச்சு. சிரிச்சிகினேதான் சொல்லிச்சு. நான் அப்போ இன்னாத்த கண்டேன்?"

அவர் ஒரு அடி நெருங்கி வந்தார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். புள்ளையைக் குடுத்துட்டு நிக்கிறீங்க. ஆனா என்னியக் கொலகாரன்றாங்கோ. கடையில சாமான் குடுக்க மாட்டேன்றாங்கோ. நீங்களே பாப்பாவோட அம்மாவாண்ட சொல்லிடுங்க. உங்க வாயால சொன்னா நல்லாருக்கும். இல்லாங்காட்டி நான்தான் வந்து சொல்லணும். எனக்கும் வேற வழி இல்ல சார்."

அவர் சொன்னது சரிதான். திருமழிசைக்கு அப்பால் ஏரியில் சவுடு மண் அள்ளிய ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. செய்முறைத் தேர்வுக்குப் பாசித் தண்ணீர் எடுக்க நான் அங்கேதான் போவேன். தீபிகாவைத் தண்ணீருக்குள் இறக்கக் கூடாது என்று அனுசுயா முன்னமே சொல்லியிருந்தாள். அதில் எருமை விழுந்து செத்திருக்கிறது என்பதால். கரையோரம் அன்று கலங்கிக் கிடந்தது. நடுவில்தான் நல்ல பாசி மிதந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. தீபிகா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "குதிக்கட்டுமாப்பா?" என்று கேட்டாள். குதி என்றேன். கையை விட்டுப் பார்த்திருந்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று பூபாலன் என்னை அப்படி நெருக்கியிருக்க வேண்டாம். கொஞ்சம் அவகாசம் கேட்டேன். யோசித்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். மோட்டார் ரூம் வாசலில் வால்வைத் திருகும் இரும்புச் சாவி சாய்ந்திருந்தது. ஒரு ஆள் இடுப்பு உயரம், நல்ல கனம். அதை எடுத்துப் பின்மண்டையில் அடித்தேன். தேங்காய் உடைந்த மாதிரி சத்தம் வந்தது. அவர் விழவில்லை. திரும்பி "சார்" என்றார். முகத்தில் அடித்தேன். கன்னத்து எலும்பு உள்ளே போனது. அப்படியே மல்லாந்து குளத்தில் விழுந்தார்.

விழுந்தவர் நீந்தினார். அந்த நிலைமையிலும் உடம்பு அதன் பழக்கத்தை விடவில்லை. ஒரே வீச்சில் ஓரத்துக்கு வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு கண் மூடியிருந்தது. பாசி தலையிலிருந்து வழிந்தது. விரல்களைச் செருப்புக் காலால் மிதித்தேன். ஒவ்வொன்றாக விட்டார். பிறகு ஏணிப்படியில் இறங்கினேன். அந்தப் பக்கம் ஆழம் குறைவு, எனக்கு மார்பளவுதான். இரண்டு கையாலும் தலையை அமுக்கிப் பிடித்தேன். நீச்சல்காரர் மூச்சு நீளம் அதிகம். நான் நினைத்ததைவிட வெகுநேரம் ஆனது. என் சட்டையைப் பிடித்து இழுத்தார், வயிற்றில் உதைத்தார், கடைசியில் என் முழங்கையை மெதுவாகத் தட்டினார். பயிற்சியில் பிள்ளைகள் போதும் என்று தட்டுவார்களே, அந்த மாதிரி. நான் விடவில்லை. குமிழி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்.

வீட்டுக்குப் போய்க் குளித்தேன். ஈரச்சட்டை எதற்கு என்று அனுசுயா கேட்கவில்லை. தீபிகா போனதிலிருந்து அவள் என்னிடம் எதையுமே கேட்பதில்லை. மறுநாள் கல்லூரிக்குப் போய்ப் பாடம் எடுத்தேன். நீச்சல் குளத்துக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடைக் கேமராவில் நான் ஈரத்தோடு பைக் ஏறியது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் வந்து கூப்பிட்டபோது மறுக்கவும் இல்லை. அதை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்று மத்தியானம் அனுசுயாவைப் பார்க்க விட்டீர்களே, அதற்கு நன்றி. அவள் கம்பிக்கு வெளியே நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என் கொழந்தைக்காகச் செஞ்சீங்க. நான் இருக்கேன், எத்தனை வருஷம் ஆனாலும் இருக்கேன்" என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதனால் காரணம் என்கிற இடத்தில், பெண்ணை இழந்த தகப்பனின் ஆத்திரம் என்று மட்டும் எழுதுங்கள். பள்ளத்தைப் பற்றி எழுத வேண்டாம். வெளியே நிற்கும் ஜனங்களும் அதைத்தான் நம்புகிறார்கள். பூபாலனுக்கு இனிமேல் அதனால் லாபமோ நஷ்டமோ இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவில்லை, கேட்கவும் உங்களுக்குத் தெரியாது. ஆரம்பித்துவிட்டேன், முடித்துவிடுகிறேன்.

தீபிகாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் நாளே டாக்டரம்மா கேட்டார்: "ஏரி, குட்டை, பள்ளம்னு எங்கயாவது குளிச்சாளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சொன்னா மருந்தே வேற." அவர் வாயைத் திறந்ததுமே எனக்கு அது எதுவென்று தெரிந்துவிட்டது. உண்மையில் கழுத்து விறைத்த அன்று காலையிலேயே தெரிந்துவிட்டது. அந்த மருந்தின் பெயரும் தெரியும். முதலிலேயே கொடுத்துக் கேரளத்தில் சில பிள்ளைகள் பிழைத்து எழுந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் அனுசுயா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல மேடம், எங்கயும் இல்ல" என்றேன். அவள் டீ வாங்கவோ முகம் கழுவவோ போகும்போது டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்று ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன். மறுநாளும் காத்திருந்தேன். அவள் கட்டிலை விட்டு எங்கேயும் நகரவில்லை. முதுகு நீரில் அதை அவர்களாகவே கண்டுபிடிக்கும் வரைக்கும் நகரவில்லை.

அவள் ஐந்து நிமிஷம் வெளியே போயிருந்தால் தீபிகா இன்று உயிரோடு இருந்திருப்பாள். பூபாலனும் இருந்திருப்பார். ஆனாலும் சார், இதுவரைக்கும் நான் அனுசுயாவை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.