மூன்றாவதாகக் கேட்டது மீன்

வாளியைக் கதவோரம் வையுங்கள் மச்சான், முதலில் தேநீர் குடியுங்கள். ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறியதற்கா இவ்வளவு மூச்சு வாங்குகிறது? அக்கா உங்களை ஊட்டி ஊட்டியே பருக்க வைத்துவிட்டாள். எதற்கு வந்தீர்கள் என்று தெரியும். கூழாங்கல்லுக்கு. தாராளமாகத் தருகிறேன். தம்பி முதலில் ஏன் தர மறுத்தான் என்று அக்கா கேட்டுவரச் சொல்லியிருப்பாள், அதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் பேசாதீர்கள், கோர்வை அறுந்துவிடும்.

உங்கள் மகன் தெமிர்லானை என் தோளில் தூக்கி வளர்த்தேன். தாய்மாமனிடம் மருமகன் மூன்று முறை எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. அந்த வழக்கத்தை நான் மீறியவனல்ல. முதல் முறை குதிரைக்குட்டி கேட்டான், கொடுத்தேன். இரண்டாம் முறை என் ஓநாய்த்தோல் அங்கி. அதைப் போட்டுக்கொண்டு என் முன்னாலேயே நடந்து காட்டினான், பொருத்தமாகத்தான் இருந்தது. போன மாதம் பெண்டாட்டியோடு விருந்துக்கு வந்தவன், சாப்பிட்ட கையோடு என் மீன்தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தான்.

“மாமா, இந்த ஆஸ்கார் மீன் எனக்கு வேணும்.”

“என் கானையாடா கேக்குற? நான் பேரு வச்சு, என் கையிலேர்ந்து தின்னுற மீன்டா அது.”

“இனிமே என் கையிலேர்ந்து தின்னட்டும். மூணாவது தடவை கேக்குறேன் மாமா. சிரிச்சுக்கிட்டே குடுங்க.”

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். என் மனைவி போன பிறகு, இந்த வீட்டில் நான் நுழைந்தால் திரும்பிப் பார்க்கிற உயிர் அது ஒன்றுதான். இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டான். “என் தொட்டி புதுசு மாமா. அடியில போட உங்க கூழாங்கல்லு ரெண்டு கை குடுங்களேன்.”

“அது நாலாவது, மாப்ளே. வழக்கம் மூணோட சரி.”

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். பழைய தொட்டியின் கல்லில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கின்றன மச்சான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற விஷத்தைத் தின்று தீர்ப்பவை அவைதான். புதுத் தொட்டியில் அவை தாமாகக் குடியேற வாரக்கணக்கில் ஆகும். பழைய கல்லைக் கொஞ்சம் போட்டால் சீக்கிரம் பெருகிவிடும். விவரம் தெரிந்தவனாக இருந்தால் மூன்றாவதாகக் கல்லைக் கேட்டிருப்பான். மீன் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

அதற்காக அவனை வெறுங்கையோடு விடவில்லை. அல்மாட்டிச் சந்தைக்குக் கூட்டிப்போய், தண்ணீர்ச் செடிகளுக்கான கறுப்பு மண்ணை நானே பார்த்து வாங்கிக் கொடுத்தேன். உரம் நிறைந்த மண். புதிதில் அந்த உரமே அமோனியாவைக் கக்கும். போதாததற்கு ஆஸ்கார் ஓயாமல் மண்ணைத் தோண்டுகிற ஜாதி. ஜூலை வெயிலில் தண்ணீர் சூடேறினால் விஷத்தின் கடுமையும் ஏறும். மண்ணைக் குறை சொல்லமாட்டேன். மீனை விடாமல் சில வாரம் பொறுத்தால் அருமையான மண். பொறுக்க வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

என் எண்ணம் எளிமையானது. தண்ணீர் கெடும், பையன் பயப்படுவான், கானைத் திருப்பிக் கொண்டுவருவான். மருமகனுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டால்தான் பாவம். தானாக வந்தால் யார் என்ன சொல்ல முடியும்?

பார்க்கப் போனேன். பயல் சட்டையில்லாமல், வியர்வை வழிய, வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான். கான் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது.

“தூங்கவே இல்ல மாமா. நீங்க குடுத்த மீனு. இது செத்துட்டா உங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“புதுத் தொட்டின்னா அப்படித்தான்டா. இன்னொரு மூட்டை மண்ணு போடு, சரியாயிடும்.”

பிறகு உங்கள் மருமகள் பொரித்து வைத்த பவுர்சாக் மாவுருண்டை நாலைந்து தின்றேன். நன்றாக உப்பியிருந்தது.

கையை உயர்த்த வேண்டாம் மச்சான், முடிக்கப் போகிறேன். நேற்று அக்கா போன் பண்ணினாள். “உன் மருமகன் கேட்டா நாலாவதுன்னு சொன்னியாமே. இப்ப நான் கேக்குறேன்டா. ஒரு வாளி கல்லு எடுத்து வை.” கூடப் பிறந்தவளுக்கு எப்படி மறுப்பது? போனை வைத்ததும் கல் முழுவதையும் அள்ளி, விருந்துக்குக் கறி வேகவைக்கிற கொப்பரையில் கொட்டிக் கொதிக்க வைத்தேன். வடிகட்டியின் பஞ்சையும் உடன் போட்டேன்; கிருமி அதிலும் இருக்குமே. ஒன்றுகூடப் பிழைத்திருக்காது. இனி வேறு வழியில்லாமல் கான் என்னிடம் வந்துதானே ஆக வேண்டும்? அதோ, தொட்டியில் திரும்பப் பரப்பியிருக்கிறேன், எப்படிப் பளபளக்கிறது பாருங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளுங்கள்.

வாளிக்குள் என்ன தட்டுகிறது?

கானா? தெமிர்லானா கொடுத்தனுப்பினான்? கல் வேண்டாம், மாமா தொட்டியில்தான் இது பிழைக்கும் என்றானா? அழுதானா? இதை வந்ததும் சொல்லக் கூடாதா மச்சான்?

சரி, கானைத் தொட்டியில் விடுவோம். வெந்த கல் விஷத்தைக் கக்காது; ஆனால் தின்று தீர்க்க அதில் ஆளும் இல்லை. இனி வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவது என் பாடு. இல்லை, நீங்களே பிடியுங்கள், என் கை கொஞ்சம் நடுங்குகிறது. மருமகனை அடித்த மாமனுக்குக் கை நடுங்கும் என்பார்கள். அவன் மேல் நான் ஒரு விரல்கூட வைத்ததில்லை, அக்காவிடம் சொல்லுங்கள். இந்த ஜூலை மாதக் குளிர் பொல்லாதது.